மணலில் பழகிய கால்

எண்பதுகளின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறையின்போது, வேலணையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மூன்று நாள் கராத்தேப் பயிற்சிப் பட்டறை நடந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கறுப்புப் பட்டிக்கான பரீட்சை மூன்றாம் நாள் பின்னேரம். ஆறு வருஷமாக அதற்காகக் காத்திருந்தேன். இந்த முறையும் தவறினால் விட்டுவிடுவதென்று நினைத்திருந்தேன். முழங்கால் எனக்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தது.

புதுப் புது உதைகளை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு, பட்டணத்திலிருந்து வந்த மாஸ்ரர் நடக்கத்தான் சொல்லித் தந்தார். தாழ நின்று ஒரு அடி, ஒரு குத்து. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போய், மறுபடி திரும்பி. குத்தும்போது கத்தவேண்டும் என்பது விதி. நாட்டு நிலைமையில் முப்பது பேர் ஒன்றாகக் கத்தினால் வெளியே யார் என்ன நினைப்பார்களோ என்று அதை மட்டும் வேண்டாமென்றார். சத்தமில்லாமல் களைப்பது இன்னும் கஷ்டம்.

முதல் நாளே என் முன்னால் வந்து நின்றார். அடி வைக்கும்போது நான் காலைத் தூக்குகிறேனாம். எங்கே பழகினீர் என்று கேட்டார். மண்கும்பான் கடற்கரையில் என்றேன்.

“அதுதான். மணலிலை காலை இழுத்தால் மண் குவியும். அதாலை தூக்கித் தூக்கி வைச்சுப் பழகிப்போட்டீர். தூக்கிற நேரத்திலை உம்மை லேசா விழுத்தலாம்.”

சொன்னதோடு நிற்காமல் விழுத்தியும் காட்டினார்.

இரண்டு நாள் சீமெந்து நிலத்தில் காலை இழுத்தேன். பெருவிரலடியில் தோல் உரிந்தது. வீட்டில் குசினிக்கும் அப்படியே இழுத்து நடக்க, வாதம் ஏதும் பிடித்துவிட்டதோ என்று மனைவி கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் கால் ஒருவழியாகச் சொன்னபடி கேட்டது.

அன்றுதான் கொண்டக்டர் அண்ணை வந்து சேர்ந்தார். பஸ் கொண்டக்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மண்கும்பானில் என்னிடம் பழகுகிறவர். ரோட்டில் என்னைத் தம்பி என்பார்; மணலில் இறங்கினால் மாஸ்ரர் என்பார். அவருக்கு ஒரு நாள்தான் லீவு கிடைத்ததாம். கறுப்புக்கு முந்திய மண்ணிறப் பட்டிக்கு அன்று அவருக்கும் பரீட்சை.

காலைப் பயிற்சியில் அவரைப் பார்த்தேன். காலைத் தூக்கினார். நான் தூக்கிய அதே உயரத்துக்கு.

பரீட்சைக்கு முன் தேத்தண்ணிக்குப் பத்து நிமிஷம் விட்டார்கள். அண்ணை எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எழும்பி இரண்டு அடி வைத்துக் காட்டியிருக்கலாம். காட்டப்போனால் என் காலும் பழையபடி குழம்பிவிடும் என்று தோன்றியது. உடம்பும் எழும்ப மறுத்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். களைப்பு என்றுதான் இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது பயம்.

எனக்குக் கறுப்புப் பட்டி கிடைத்தது. அண்ணையை மூன்றாவது அடியிலேயே மாஸ்ரர் தட்டி விழுத்தினார். அவர் எழும்பி வணங்கிவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.

பிறகு, சைக்கிள்கள் நின்ற வேப்பமரத்தடிக்கு என்னை வாழ்த்த வந்தார். காலைத் தூக்கினதுதான் பிழை என்று, அப்போதுதான் கண்டுபிடித்தவன்போலச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

“நீங்கள் காட்டினபடிதான் வைச்சனான், மாஸ்ரர்.”

குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே எங்கே பிழைத்ததென்று யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு, வருகிற ஞாயிறு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.