கம்பெனி காரில் ஏறாத வருஷம்

என் புருஷனுக்குக் கம்பெனி ஒரு கறுப்புக் கார் கொடுத்திருந்தது. ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குப் பிரிவுக்கு அவர் அதிகாரி. நாங்கள் குடியிருந்தது எண்ணூரில், முகத்துவாரக்குப்பம் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டில். காலையில் டிரைவர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார், இவர் ஏறிப் போவார். சாயங்காலம் அதே காரில் வந்து இறங்குவார். நான் மட்டும் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

ஏன் என்றால், வருமான வரி! கம்பெனி கார் கம்பெனி வேலைக்கு ஓடினால் தொல்லை இல்லையாம். சொந்த வேலைக்கு ஓடினால் அந்தச் சுகத்துக்கும் ஒரு விலை போட்டு, அதையும் சம்பளமாகச் சேர்த்து வரி பிடிப்பார்களாம். பிடித்துவிட்டுப் போகட்டுமே, கட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். அதற்குள் இந்த மனுஷன், சொந்த உபயோகம் அறவே கிடையாது என்று வரி ஆபீசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தங்கை கல்யாணச் சாமானைக் கம்பெனி லாரியில் ஏற்றிய ஒரு அதிகாரியை அப்போதுதான் வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்கு ஒரே பயம்.

அந்தப் பயம் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? ஒரு நாள் வழியில் நல்ல வஞ்சிரம் கிடைத்திருக்கிறது. வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு, குடும்பத்துக்கு வாங்கிய மீன் காரில் வந்தால் அது சொந்த உபயோகம்தானே என்று யோசனை வந்துவிட்டது. மீனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தே வந்தார். பின்னால் கார் காலியாக ஊர்ந்து வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து, “இன்னாம்மா இது அநியாயமா கீது, மீனுக்குமா வரி?” என்று சிரித்தார். எதிர்வீட்டு மீன்காரி விடுவாளா? “பாய் வூட்டம்மா, உன் வூட்டுக்காரரு காருக்குக் காவலா, கார் அவருக்குக் காவலா?” என்று கேட்டாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

என் அம்மா ராயபுரத்தில் தம்பியோடு இருந்தாள். ஹார்பருக்குப் போகிற ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு முற்றிவிட்டது. ஒரு காலை தம்பி சைக்கிளை மிதித்துக்கொண்டு எண்ணூருக்கே வந்து நின்றான். சட்டையெல்லாம் வேர்வை.

“அக்கா, அம்மாவுக்கு மூச்சு இழுத்துகினு கீது. உன்னியேதான் கேட்டுகினு கீது. நான் டாக்டராண்ட ஓடணும். நீ மச்சான் கார்ல வந்துடு, இன்னா?”

பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பிப் போனான். அக்கா காரில் வருவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மச்சானுக்குத்தான் கார் இருக்கிறதே!

நான் புர்காவை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். கார் வாசலில் நின்றது. அன்றைக்கு அவருக்கு வேலை எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹார்பரில். அம்மாவின் சந்து முனையைத் தாண்டித்தான் அந்தக் கார் போக வேண்டும்.

“நீ பஸ்ல வந்துடு,” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

“இன்னா சொல்றீங்க நீங்க?”

“வரி ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்கடி. ஒரு தரம் ஏறினாலும் நான் எழுதிக் குடுத்தது பொய்யாயிடும். வேலை போச்சுன்னா நாம எங்க போறது?”

“எங்கம்மா சாகக் கிடக்குறா. நீங்க கையெழுத்தைப் பத்திப் பேசுறீங்களா!”

டிரைவருக்கே பொறுக்கவில்லை. “சார், போற வழிதானே சார். சந்து முனையில எறக்கி வுட்டா ஆச்சு. யாரு பாக்கப் போறா?”

“நீ வண்டியை எடு,” என்றார். அவருக்கு அழுகை வந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பஸ்ஸுக்கென்று அவர் நீட்டிய காசை மண்ணில் தட்டிவிட்டேன். கார் கிளம்பிப் போனது. பின்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது.

எண்ணூரில் பஸ் என்பது வந்தால் உண்டு. மண்ணில் கிடந்த காசை நானேதான் பொறுக்கிக்கொண்டு போய் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. அம்மாவின் வாயில் என் கையால் ஒரு மிடறு தண்ணீர் ஊற்ற வேண்டும், அவள் ஒரு தடவை என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். ஒருவழியாக பஸ் வந்தது. திருவொற்றியூர் தாண்டியதும் டயர் வெடித்து நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி பீடி பற்றவைத்தான். நான் இறங்கி நடந்தேன், ஓடினேன், செருப்பு அறுந்ததும் வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். தண்டையார்பேட்டையில் ஒரு ஜட்காக்காரர் என் கோலத்தைப் பார்த்து அவராகவே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார்.

சந்துக்குள் நுழையும்போதே பெண்களின் அழுகை கேட்டது. உள்ளே அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது. நெற்றியிலும் சூடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் கடைசித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். “நீ கார்ல வர்றேன்னு அம்மாவாண்ட சொல்லிட்டேன்க்கா,” என்றான். “ரோட்ல ஆரன் சத்தம் கேக்கறப்போல்லாம் கண்ணைத் தொறந்துச்சு. வந்துட்டாளான்னு கேட்டுச்சு. ஒரு கார் சந்து முனையாண்ட மெதுவா போச்சு. அப்போ எழுந்து உக்காரவே பாத்துச்சுக்கா.”

அது யாருடைய கார் என்று நான் டிரைவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

சில வாரங்கள் கழித்து இவர் வரி ஆபீசுக்குப் போனார். விசாரித்த அதிகாரி மரியாதையான மனுஷராம், உட்காரச் சொல்லித்தான் பேசினாராம். மனைவியோ மச்சினனோ காரில் ஏறியது உண்டா என்று கேட்கவே இல்லையாம். கேட்டது ஒரே கேள்விதான், “வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு எதில் வருகிறீர்கள்?”

காரில்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அது உங்கள் சொந்த உபயோகம்தானே, ஃபேக்டரிக்குள் வந்த பிறகுதானே கம்பெனி வேலை ஆரம்பம் என்று அந்த அதிகாரி பொறுமையாக விளக்கியிருக்கிறார். தெரியாமல் எழுதிக் கொடுத்தது என்பதால் தண்டனை ஒன்றும் இல்லை. தினமும் போய் வந்ததற்கு ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்து வரி போட்டுவிட்டு, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். இந்த ஒன்றுக்காகவா!

இதையெல்லாம் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குத் தெம்பு இல்லை.

மறுநாள் காலை அவர் காரில் ஏறவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரிதான் போட்டாச்சே. இனிமே நீயும் ஏறலாம்,” என்றார். “வா. எங்க போணும்னு சொல்லு, கூட்டிக்கினு போறேன்.”

“எங்கம்மாதான் இல்லியே,” என்றேன். “நான் யாரைப் பாக்கப் போறதுங்க?”