பெரிய வீட்டில் ஒரு வார்த்தை

என் வயதுக்காரர்கள் நான்கு பேர் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தால் போதும், பேச்சு எப்படியும் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வந்துவிடும். சைக்கிள் சும்மா கிடைக்கிறது, செருப்பு சும்மா, லேப்டாப் சும்மா, மதியச் சோறு முட்டையோடு சும்மா. நாமெல்லாம் அப்படியா, தெருவிளக்கில் படித்தோம் என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், எனக்குச் சாப்பாடே இறங்காது. எங்கள் தெருவில் விளக்கே கிடையாது. பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனதைப் பதக்கம் வாங்கியது மாதிரிச் சொல்கிறார்கள். பசியால் ஒருவருக்கும் கணக்கு வந்ததில்லை. இருபத்தெட்டு வருடம் பால்வாடியில் வேலை பார்த்தவள் நான். முட்டை தின்ற பிள்ளை உட்கார்ந்து கேட்கும், தின்னாத பிள்ளை தூங்கும். இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம்.

அதிலும் இலவசம் இலவசம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையை எங்கள் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சும்மாதான் கூட்டினார்கள். அதை ஒருவரும் இலவசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் இந்தப் பட்டியலில் எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். வெகுகாலம் நானும் விட்டிருந்தேன். அதைச் சொல்ல என் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது வேளாங்கண்ணிக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியில் வந்து சேரும் ஊர். எங்கள் தெருவில் பதினெட்டுக் குடிசைகள். பதினெட்டும் மிராசுதாரின் மனையில் நின்றன. அவருக்குப் பிடிக்காவிட்டால் மறுநாள் காலையில் கூரையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண் எடுப்பதா, கொடுப்பதா, பிள்ளைக்குக் காது குத்துவதா, வெளியூரில் துக்கத்துக்குப் போவதா, எதுவானாலும் முதலில் அவருடைய பெரிய வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போர் பக்கம் போய் நிற்பது. அதற்குப் பெயர் 'ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றது'. சொல்வது என்று பெயர்தானே தவிர, கேட்பதுதான்.

நான் வளரும்போது காலம் மாறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் செங்கொடி ஏறிவிட்டது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அறுவடையை நிறுத்தினார்கள். அப்பா முன்வரிசை ஆள். போலீஸிடம் அடிபட்டு, திருச்சி ஜெயிலில் பதினோரு நாள் இருந்துவிட்டு வந்தார். ஆட்சியும் மாறியிருந்தது. மிராசுதார் கதரைக் கழற்றிவிட்டுக் கரைவேட்டிக்கு மாறிக்கொண்டார். இடுப்புத் துணி மாறியதே தவிர இடுப்பு வளையவில்லை. பிறகு குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்து, தாசில்தார் ஆபீஸிலிருந்து எங்கள் கைக்குப் பட்டாவும் வந்தது. அப்பா அதைத் தகரப்பெட்டியில் அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். இனி ஒருவரும் எங்கள் கூரையைத் தொட முடியாது.

அதே வருடம் நான் எட்டாவது பாஸ் செய்தேன். எங்கள் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் எட்டாவதைப் பார்த்ததில்லை. ஒன்பதாவதுக்கு நான்கு மைல் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. டீச்சர் ஆவது என்று முடிவுசெய்து, வேலிக் கிளுவைக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் சம்மதம்தான். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெரிய வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்" என்றார்.

நானும் பின்னாலேயே போனேன். ஊர்வலத்தில் தோளில் கிடக்கும் துண்டு, கொல்லைப் படலைத் தாண்டியதும் தானாகக் கக்கத்துக்குப் போய்விட்டது. அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"புள்ள எட்டாவது பாஸாயிட்டுதுங்க. டவுன் பள்ளிக்கூடத்துல போடலாம்னு. அதான், ஐயாகிட்ட ஒரு வார்த்தை..."

மிராசுதார் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அப்பாவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

"போடேன், யாரு வேணாங்கிறா? குறுவை நடவு முடியட்டும். ஹெட்மாஸ்டர் நமக்கு வேண்டியவருதான். நானே சொல்றேன்."

அப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வரப்பில் நடந்து வரும்போது நான் கேட்டேன். "நாமளே போயி கேட்டா சேத்துக்க மாட்டாங்களாப்பா?"

"அவரே சொல்றேன்னு சொன்னப்பறம் நாம முந்திக்கிட்டுப் போனா மரியாதையா இருக்காது."

இதைச் சொன்னவர் போலீஸ் தடிக்கு முதுகைக் கொடுத்த மனுஷர். கூலி கேட்டுச் சண்டை போடத் தெரிந்தவருக்கு, கேட்காமல் ஒரு காரியம் செய்யத் தெரியவில்லை.

குறுவை நடவு முடிந்தது. நடவாட்களில் நானும் ஒருத்தி. அவர் வயலில்தான். பிறகு சம்பாவுக்கு நாற்று விட்டார்கள். அப்பா மறுபடி வைக்கோல் போர் பக்கம் போய் நின்றார். "அடடே, சேர்க்கை முடிஞ்சுபோச்சாமே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாராம். அடுத்த வருடம் நான் வயதுக்கு வந்தேன். அதோடு பேச்சு நின்றுபோனது. நான் டீச்சராகவில்லை.

பல வருடம் கழித்து, பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்த பிறகு, அந்த ஹெட்மாஸ்டரை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். தலை நரைத்து, ஓய்வுபெற்றிருந்தார். மிராசுதார் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவருக்கு அப்படி எதுவும் நினைவில்லை. "உங்க தெருவுலேருந்து ஒரு பொண்ணு வராதான்னு நாங்க தேடிக்கிட்டிருந்தோம்மா. நேர்ல வந்திருந்தா ஆவணியிலகூடச் சேத்திருப்பேன். ஹாஸ்டல் இருந்துச்சு, ஃபீஸ் கிடையாது" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். ஜெயிலுக்குப் போனாயே, எதற்குப் போனாய் என்று கேட்டேன். பட்டாவைப் பூட்டி வைத்துவிட்டுப் பிச்சைக்குப் போனவன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். என் ஆயுசு குறைந்துபோச்சு என்றேன். அவர் சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டினேன். பேப்பரில் செங்கொடிப் படத்தைப் பார்த்தால்கூட, "துண்டு எங்கே இருக்கு, பாத்துக்க" என்பேன். அவர்மேல் எனக்குப் பாசம் இருந்தது. மரியாதை இல்லை.

இனி என் கதை. ஆயாவாக இருந்துகொண்டே பத்தாவது எழுதிப் பாஸ் செய்து, பால்வாடி டீச்சர் என்று பெயர் வாங்கினேன். கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரே மகள். சைக்கிள், லேப்டாப், செருப்பு என்று நான் மேலே சொன்ன பட்டியலில் ஒன்று விடாமல் அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் பொறாமை உண்டு, ஒளிப்பானேன். பன்னிரண்டாவது முடித்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் போய் அவளாகவே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "கோயம்புத்தூர்ல அக்ரி கெடச்சிருக்கும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள போயி சேரணும்" என்றாள். தயிர் இருக்கிறதா என்று கேட்கும் குரல்தான் அது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. அவ்வளவு தூரம், பெண் பிள்ளை. இதை யாரிடமாவது சொல்லாமல் எப்படி? அப்படித்தான் நினைத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், சொந்தப் பட்டாவில் கான்கிரீட் வீடு கட்டியவள், அப்படித்தான் நினைத்தேன்.

மிராசுதார் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தஞ்சாவூரில் இருக்கிறார், குத்தகை நெல்லுக்காக ஊருக்கு வருவார். அந்த வாரம் வந்திருந்தார். மகளின் மார்க் ஷீட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நான் போனேன். வாசல் கேட் திறந்தேதான் கிடந்தது. நான் பின்பக்கமாகப் போனேன். வைக்கோல் போர்கூட இப்போது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் போய் நின்றேன்.

அவரும் கத்துகிற ஆள் இல்லை. மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல மார்க்குதான். ஆனா நடவு நடுறதுக்குக் கோயம்புத்தூர் போயி படிக்கணுமா? ஒங்க ஆளுங்களுக்குத் தெரியாத விவசாயமா? நம்ம ஃப்ரெண்டு திருவையாறு பக்கம் காலேஜ் வச்சிருக்காரு. பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கும். ஆடி கழியட்டும், நானே சொல்றேன்."

"சரிங்க" என்றேன். சத்தியமாக, அதுதான் என் வாயில் வந்தது. கும்பிடு ஒன்று போட்டுவிட்டு வேறு வந்தேன். அப்பாவைப் பேசிய வாய் இது.

வீட்டுக்கு வந்தால் மகள் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன், ஆடி கழிவதுவரை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவரு யாரும்மா?"

கோபமாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். எந்தத் தெருவில் இருக்கிறார், நமக்கு என்ன முறை என்று தெரிந்துகொள்கிற கேள்வி. பதினேழு வருடம் இதே ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த வீடு யாருடையது என்று தெரிந்திருக்கவில்லை. பட்டியலில் நாங்கள் எல்லோரும் விட்டது இதைத்தான்.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. மனை, கூரை, வைக்கோல் போர், துண்டு, எல்லாவற்றையும் சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால், என்றைக்காவது ஒருநாள் அவள் காலும் தானாக அந்தக் கொல்லைப்பக்கம் திரும்பும். நான் மஞ்சள் பையிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்து அவள் பெட்டியில் வைத்தேன்.