ருக்குமணியின் சொந்தப் பாட்டு

சென்ற வாரம் பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு கடை வாசலில் தொங்கிய டி-சர்ட்டில், கிடாரும் கையுமாக வாயைப் பிளந்து பாடும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம். "யாருங்க இது?" என்று கேட்டேன். "தெரியலீங்க. எக்ஸ்போர்ட் மிச்சம். நல்லாப் போகுதுங்க" என்றார் கடைக்காரர். எடுத்து முகர்ந்து பார்த்தேன். வயதானால் இப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடுகின்றன. புதுத்துணியோடு மெஷின் எண்ணெய் வாசம். ருக்குமணியின் மேலும் இதே வாசம்தான் அடிக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவள் ஓவர்லாக் மெஷினில் தைப்பாள். நான் செக்கிங், தைத்ததில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. தைத்துக்கொண்டே மெஷின் சத்தத்துக்கு ஏற்றபடி பாட்டுக் கட்டுவாள். சினிமாப் பாட்டு அல்ல, சொந்தப் பாட்டு. அவளுக்கு எழுதத் தெரியாது. எட்டாவது பாஸ் செய்த கர்வத்தில் நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். சில சொற்களைத் திருத்துவதும் உண்டு. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் பழையபடியே பாடுவாள்.

கோயமுத்தூர் பழைய சாமான் கடையில் ஒரு கிடார் வாங்கியிருந்தாள். அதில் ஒரு கம்பி இல்லை. "கையில இருக்கறதே அஞ்சு வெரலு. அஞ்சு கம்பி பத்தாதா?" என்பாள்.

கம்பெனியில் நாற்பது பெண்களுக்கு ஒரே கக்கூஸ். அதற்குப் போக மேஸ்திரியிடம் தகர டோக்கன் வாங்க வேண்டும். போனவள் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அந்த வருட ஆயுத பூஜையன்று காலையில் ருக்குமணியைப் பாடச் சொன்னார்கள். சாமி பாட்டு என்று நினைத்திருப்பார்கள். கிடாரை மைக்கோடு ஒட்டிப் பிடித்தாள். குழாய் ஸ்பீக்கர் 'கீ'யென்று அலறியது. மைக் செட்டுக்காரர் ஓடிவந்தார். "இருக்கட்டுங்கண்ணா, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

"ஒத்த டோக்கன், நாப்பது பேரு,
உள்ள போனவ எப்ப வருவா, கேளு!"

இரண்டாம் முறை பாடும்போது நாற்பது பேரும் சேர்ந்துகொண்டோம். "நெசமாலுமே ஒண்ணுதானுங்களா?" என்று முதலாளியம்மா கணவரிடம் கேட்டார். முதலாளி பொரி தின்றுகொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து போன அன்று மேஸ்திரி வந்தார். "அந்தப் பாட்டை எழுதுனது யாருங்க அம்மிணி?" மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். எழுத்து என்னுடையது. நான் தலையைக் குனிந்து ஒரு பனியனில் ஓட்டை தேடினேன்.

"நாந்தானுங்க எழுதுனேன்" என்று எழுந்து நின்றாள் எழுதத் தெரியாத ருக்குமணி.

மத்தியானத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். நான் நோட்டைக் கிழித்து வேஸ்ட் துணி மூட்டையில் திணித்தேன். அடுத்த மாதம் மூன்று கக்கூஸ் கட்டினார்கள். டோக்கன் ஒழிந்தது.

அதற்கு முன்பே நோட்டைக் கேட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள் ருக்குமணி. உண்மையைச் சொன்னேன். "உடு புள்ள. எனக்கு ஞாபகம் இருக்குது" என்று சொல்லிப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

பிறகு ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து உடுமலை, பொள்ளாச்சி, ஈரோடு என்று பாடினாள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே தன் பாட்டு ஒன்றையும் நுழைத்துவிடுவாள். சொந்தப் பாட்டு என்றால் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் அறிவிப்பாளர், "வெளிவரவிருக்கும் படத்திலிருந்து" என்று சொல்லிவிடுவார். மெட்ராஸில் ஒரு ரிக்கார்டு கம்பெனிக்காரர் அவள் குரலை மெச்சி, பாட்டு மட்டும் வேறு ஆள் எழுதட்டும் என்றாராம். "அப்பறம் நான் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். குழு கலைந்த பிறகு மறுபடியும் ஓவர்லாக்தான், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு கம்பெனியில்.

ருக்குமணி இறந்து பல வருடங்களாகிவிட்டன. அவள் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. அந்த நாற்பது பேரில் என்னோடு பேச்சு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். போன பொங்கலுக்கு மூவரும் உட்கார்ந்து டோக்கன் பாட்டைப் பாடிப் பார்த்தோம். முதல் இரண்டு அடிக்கு மேல் யாருக்கும் வரவில்லை.