உப்புக்கும் மல்லாட்டைக்கும் நடுவில் ஒரு வண்டி தார்ப்பாய்

நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நிறுத்தியது நானா, வாத்தியாரா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், இன்றைக்கும் பந்தயம் கட்டத் தயார். ஆபீஸ் சுவர்களில் தொங்கும் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், நீலம் என்று வர்ணம் அடித்திருக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம். இந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். மழை வரட்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், வரவே கூடாது என்கிறவர்கள் ஒரு பக்கம்.

கோலியனூர் பக்கம் நெல்லும் கரும்பும். அங்கே வானம் கறுத்தால் ஆட்களின் முகம் மலரும். கிழக்கே மரக்காணத்து உப்பளத்தில் அதே மேகத்தைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். பொம்மையார்பாளையத்தில் கருவாடு காயப்போடுகிறவர்களும், வெயிலில் படுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர்களும் உப்பளத்தின் கட்சி. நடுவில், திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர்கள் மட்டும் கட்சி மாறிக்கொண்டே இருப்பார்கள். விதை போட்டதிலிருந்து மழை வேண்டும். பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் கொட்டிய அடுத்த நிமிஷம் வேண்டாம். இதில் சாமி பாடுதான் கஷ்டம்.

நான் இரண்டு பக்கமும் கால் வைத்தவன். மரக்காணத்தில் உப்பு மூட்டை சுமந்து தொடங்கி, அதே உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தேன். திண்டிவனத்துக்கு மேற்கே என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்த நிலம், அதில் மல்லாட்டை. மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் உப்பு. எப்படியும் நான் தோற்க முடியாது. இந்த யோசனையைப் பல கல்யாணப் பந்திகளில் விளக்கியிருக்கிறேன். படித்த சம்பந்திகள்கூடக் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள். என் அறுபதாம் கல்யாணத்துக்குக் கூட்டு ரோட்டில் பேனர் வைத்தார்கள். நான் கைகூப்பி நிற்கிற படம், லாரி உயரத்துக்கு. கீழே ‘உப்பும் மண்ணும் கண்ட உழைப்பாளி’ என்று பெரிய எழுத்து. வாசகம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

உப்பும் மல்லாட்டையும் ஒரே நேரத்தில் வெட்டவெளியில் கிடக்கிற வாரம் ஒன்று உண்டு என்பதை மட்டும் நான் பந்தியில் சொல்வதில்லை. அது சித்திரைக் கடைசி.

அறுபது முடிந்த மறு வருஷம். கிணற்று மோட்டார் எரிந்துபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. வாங்கித் தருகிறேன் என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொல்வதில் நான் குறை வைத்ததே இல்லை. மனைவி பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் பாய்ச்சி அந்த மல்லாட்டையை விளைய வைத்தாள். இது என் வெள்ளாமை, இதை விற்றுத்தான் மோட்டார் இறக்கப்போகிறேன், இனி ஒருத்தர் வாசலில் தண்ணீருக்குப் போய் நிற்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நனைந்து கறுத்த கொட்டையை மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் எந்த வியாபாரியும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். கறுத்தால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாவிட்டால் அடுத்த பட்டத்துக்கு விதை இல்லை.

அந்தச் சித்திரைக் கடைசியில் ஒருநாள் காலையில் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கடலோரத்திலும் உள் பகுதியிலும் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை. அந்த ஓரிரு இடமும் என்னுடையதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு அம்பாரம் அம்பாரமாகத் திறந்து கிடந்தது. என்னிடமிருந்த தார்ப்பாய் எல்லாம் திண்டிவனத்து வீட்டில். அத்தனையையும் என் சின்ன லோடு வண்டியில் ஏற்றினேன். மனைவி வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

“பாதிய எறக்கி வெச்சிட்டுப் போங்க. களத்துல கொட்டி மூணு நாளுதான் ஆவுது.”

“இது கடல் மழ. பிரம்மதேசத்தத் தாண்டி மேற்க வராது. நாப்பது வருஷமா பாத்துக்கினு இருக்கேன்.”

“அது மழைக்குத் தெரியுமா?”

நான்காம் வகுப்புகூடப் படிக்காதவளிடம் என்ன பேசுவது என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

பிரம்மதேசம் மரக்காணத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். உப்பளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி போனில் வந்தார். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மெதுவாக வாருங்கள் என்றார். டீயை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மேற்கே, செஞ்சிப் பக்கம், அடுப்புக்கரியைப் பூசினமாதிரி வானம். மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வண்டியைத் திருப்பினேன்.

பாதி தூரம் வந்திருப்பேன், மறுபடி மேஸ்திரி. “காத்து திரும்பிடுச்சு மொதலாளி. கடலு மேல கன்னங்கரேல்னு ஏறிக்கினு வருது. ஜல்தியா வாங்க.”

மறுபடி கிழக்கே. மறுபடி அதே டீக்கடை. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“இன்னாண்ணே, ரூட்டு வண்டி எதுனா வுட்டிருக்கீங்களா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு யோசனையும் வரும். பிரம்மதேசம் நடுவில் இருக்கிறது. இங்கிருந்தே இரண்டு திசையையும் பார்க்கலாம். எந்தப் பக்கம் முதலில் இறங்குகிறதோ அந்தப் பக்கம் வண்டியை விடலாம். இதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினேன். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, “எறங்கனதுக்கப்புறம் போயி இன்னா பண்ணுவீங்க?” என்றார். படித்த மனிதர் போலிருக்கிறது.

மழை முதலில் இறங்கியது பிரம்மதேசத்தில். நேராக என் வண்டிமேல். மடித்துக் கட்டிய தார்ப்பாய் மடிப்புக்கு மடிப்பு தண்ணீர் தேங்க, அது பாட்டுக்கு நனைந்துகொண்டிருந்தது. கடையின் தகரக் கூரை ஒழுகியதால் பரோட்டா அடுப்பை மூட ஒன்று கொடுங்கள் என்று கடைக்காரர் கேட்டார். கொடுத்தேன். அன்றைக்குப் பிரிக்கப்பட்ட தார்ப்பாய் அது ஒன்றுதான். அடுப்பு நனையவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி போன் செய்தார். குரலில் அவசரம் போயிருந்தது. குவித்ததில் முக்கால்வாசி கரைந்துவிட்டது, பாத்தியெல்லாம் மறுபடி கடலாகிவிட்டது என்றார். அப்புறம் தயங்கி, “நாளைக்கு ஆளுங்க வர்றதா வாணாவா மொதலாளி?” என்று கேட்டார். வரச் சொன்னேன். தண்ணீரை வெளியேற்றி முதலிலிருந்து பாத்தி கட்ட ஆள் வேண்டாமா. மேற்கேயும் அதே மழை கொட்டுகிறது என்று திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர் சொன்னார்.

களத்துக்குத்தான் போயாகவேண்டும். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன். மனைவியிடம் சொல்ல வழி நெடுக நாலு வார்த்தை தயார் செய்தேன். நாலில் மூன்று, காற்று, திசை, கடல் இவற்றின் தப்பைப் பற்றியவை.

களத்தை நெருங்கியதும் நின்றுவிட்டேன். களத்தில் நான் கைகூப்பிப் படுத்திருந்தேன்.

மாட்டுக் கொட்டகையில் சுருட்டி வைத்த பேனர். மல்லாட்டைக் குவியல்மேல் வானத்தைப் பார்த்து விரித்து, சுற்றிலும் கல் வைத்திருந்தாள். ‘உப்பும் மண்ணும்’ என்பதுவரை தெரிந்தது. ‘உழைப்பாளி’மேல் ஒரு பாறாங்கல். பக்கத்துச் சிறு குவியல் ஒன்றின்மேல் பழைய புடவைகள். அது மட்டும் நனைந்துவிட்டது. என் வயிற்றுப் பக்கம் குளம்போல் நின்ற தண்ணீரை மனைவியும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னாள். “பெரிப்பா இந்த நெலத்துல ஒழச்சது இன்னிக்குத்தான், பெரிம்மா.”

மனைவி சிரிக்கவில்லை. பேனரின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டு, ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து என் கையில் கொட்டினாள். ஒன்றை உடைத்தேன். பருப்பு காய்ந்து, ரோஸ் நிறத்தில் இருந்தது. சொம்பை வாங்கி நானும் மொண்டு ஊற்றினேன், என் வயிற்றிலிருந்து.

அந்த மல்லாட்டையை விற்று இறக்கிய மோட்டார் இன்றும் ஓடுகிறது. தார்ப்பாய் எல்லாம் இப்போது நிரந்தரமாக உப்பளத்திலேயே இருக்கிறது. வருஷா வருஷம் சித்திரையில் களத்துக் காவல் நான்தான், பேனரில்.

அடுத்த மாதம் எனக்கு எழுபது. கூட்டு ரோட்டில் பேனர் வைக்கலாமா என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். அதெல்லாம் எதற்கு என்று நான் மரியாதைக்கு இழுப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

“வெக்கட்டும். போன வாட்டி ஒரு குவியலு நனைஞ்சிப்போச்சு, இந்த வாட்டி கொஞ்சம் அகலமா அடிக்கச் சொல்லுங்க.”