‘அமரர்’ என்று எழுதாத கட்டில்

மூச்சுத் திணறலோடு வைத்தியசாலைக்குப் போன அன்று கட்டில் கிடைக்கவில்லை. தரையில் பாய் விரித்துக் கிடந்தேன். விடியும்போது பக்கத்துக் கட்டில்காரர் இறந்துபோனார். அவரைக் கொண்டுபோன பிறகு அந்தக் கட்டிலை எனக்குத் தந்தார்கள்.

அந்த நோயாளர் விடுதியின் பதினான்கு கட்டில்களும் இறந்தவர்கள் நினைவாகக் குடும்பத்தார் வாங்கிக் கொடுத்தவை. பதின்மூன்றில் ‘அமரர்’ என்று தொடங்கிப் பெயர் எழுதியிருந்தது. என்னுடையதில் வெறும் ‘செல்வன் நிரோசன்’. பிழையைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது.

மத்தியானம் ஓர் அம்மா முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து, தன் மகனின் பெயர் என்று சொல்லி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“அமரர் எண்டதை விட்டிட்டாங்கள், தங்கச்சி. சொல்லி எழுதுவியுங்கோ” என்றேன்.

“அவன் செத்தவன் எண்டு ஆர் ஐயா உங்களுக்குச் சொன்னது? சண்டை முடிஞ்ச நேரம் காணாமல் போனவன். தேடிக்கொண்டுதான் இருக்கிறன்.”

அவர் கொண்டுவந்த கஞ்சியை எனக்கு ஊற்றித் தந்தபடி கேட்டார்:

“போன கிழமை இதிலை கிடந்த அண்ணை சுகமாகிப் போட்டாரோ? இதிலை படுக்கிற ஆக்கள் எழும்பி நடந்து போனால் அவனும் வருவான் எண்டு நேந்துதான் குடுத்தனான்.”

“ஓம். நடந்துதான் போனவர்” என்றேன்.

ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலி வந்தது. வேண்டாம் என்று சொல்லி, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை நடந்தேன். பார்ப்பதற்கு அந்த அம்மா அங்கே இல்லை. அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.