சித்தி தட்டிலிருந்து வந்த சுறா

எங்கள் வீட்டில் சித்திக்கு என்மேல்தான் உயிர் என்று எட்டு வயதில் உறுதியாக நம்பினேன். அதற்குச் சாட்சி சுறா மீன்.

செஞ்சிக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் சுறாவுக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகிரி மலையில் வெளிச்சம் விழும் முன்பே சித்தப்பா மார்க்கெட்டில் போய் நிற்பார். சித்திக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுப் பேசவில்லை. அந்தப் பயத்துக்கெல்லாம் சேர்த்து அம்மா சித்தியின் தட்டில் மீன் துண்டுகளை அடுக்கினாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சித்தி அடுப்படியில் மெல்லப் பேச்செடுத்தாள்.

"அக்கா, டாக்டரம்மா சுறா வேணாங்கறாங்க. பெரிய மீனு ஒடம்புல பாதரசம் சேந்து கெடக்குதாம். வயித்துப் புள்ளைக்கு ஆவாதாம்."

"இன்னாடி புதுசா சொல்ற? இதத் துன்னுதான் நான் ரெண்டு பெத்தேன். உன் ஊட்டுக்காரரு அலஞ்சி வாங்கியாறாரு, வேணாம்னா மனசு நோவாதா?" என்று அம்மா சிரித்துவிட்டாள்.

நைனா, சித்தப்பா, அண்ணன் மூவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்கள் முறை. அம்மா ரசம் எடுக்கத் திரும்பியதும் சித்தியின் மீன் என் சோற்றுக்குள் வந்து புதைந்துகொள்ளும். "சீக்கிரம் துன்னுடி கண்ணு, அம்மாகிட்ட சொல்லாத" என்பாள். நான் எதற்குச் சொல்லப்போகிறேன்? எல்லாவற்றிலும் முதல் பங்கு வாங்கும் அண்ணனுக்கே கிடைக்காதது எனக்குக் கிடைக்கிறதே!

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். எல்லாம் சுறாவின் வேலை என்று அம்மா இன்றும் பெருமையடித்துக்கொள்கிறாள். சித்தி சிரிப்பாளே தவிர மறுக்கமாட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் என் தட்டுதான்.

இப்போது நானும் ஒரு பிள்ளைக்காக ஆஸ்பத்திரி படி ஏறி இறங்குகிறேன். என்றோ தின்ற மீனைப் பற்றிக் கேட்டேன். அதன்மேல் பழிபோட முடியாது என்றார் டாக்டர். ஆனால் கருத்தரிக்கக் காத்திருக்கும் பெண்களும் சின்னப் பிள்ளைகளும்கூட சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் சித்தியின் தட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணுக்கு ஆகாத மீன் இன்னொரு பெண்ணுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நானும் ஒருநாள் பிள்ளைக்கு ஏங்கி நிற்கப்போகிறவள் என்று அந்த எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை. சித்திக்கும் தோன்றவில்லை.