கடலுக்குக் கரை போட்ட அய்யா

எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பெண்கள் எல்லாரும் ஐந்து நாள் முகாம் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கூடாரம் அடித்துத் தங்கி, தாங்களே சமைத்து, பக்கத்து ஊரைக் கூட்டிப் பெருக்கி, கூட்டு வாழ்க்கை கற்றுக்கொள்ள வேண்டுமாம். முகாமைப் பாதியில் விட்டுப் போனவளுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் டீச்சர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் நாங்கள் யாரும் சான்றிதழை நினைத்துக் கிளம்பவில்லை. முகாம் ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்துக்கு வடக்கே கடற்கரையில் என்று தெரிந்த அன்றைக்கே எங்களில் பாதிப் பேருக்கு ஆசையில் சோறு இறங்கவில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. கூடாரத் துணி, அண்டா, குண்டான் எல்லாவற்றோடும் நாற்பது பெண்கள் ரயிலேறினோம். பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது, அதுவரை பாடிக்கொண்டு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் விடாமல் பாடினேன். பயம் இல்லாமல் இல்லை, பயம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான்.

எனக்கு ஊர் கடலாடிப் பக்கம். அய்யா, அதாவது என் அப்பா, எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், மழைக்காலத்தில் கரையைச் சுற்றி வந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பதும் அவர் வேலை. நடக்கப் பழகிய கையோடு கண்மாயில் நீந்தப் பழகியவள் நான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முதல் நாளே அது இறங்கிவிட்டது. கண்மாயில் இறங்கினால் முதலில் ஒரு கை அள்ளிக் குடிப்பது எங்கள் வழக்கம். அதே பழக்கத்தில் கடலிலும் அள்ளி வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன். நான் துப்பியதையும் இருமியதையும் பார்த்து முகாமே சிரித்தது. எங்களுக்குக் குடிதண்ணீரும் மீனும் கொண்டுவந்து தந்த மீனவ அக்கா ஒருத்தி, கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு போட்டிருப்பாள், அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். "இது பொண்ணு கடலுத்தா, அலையே இருக்காது, ஒண்ணும் செய்யாது. மல்லாந்து படுத்துப் பாரு" என்றாள்.

படுத்துப் பார்த்தேன். கை அசைக்கவில்லை, கால் அசைக்கவில்லை, தண்ணீர் தானாகவே என்னைத் தாங்கிக்கொண்டது. காதுக்குள் கடல் சத்தம், கண்ணுக்கு நேரே வானம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. நட்டு வைத்த இரண்டு கழிகளுக்கு இடையே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் கயிற்றைத் தொடவே இல்லை. பன்னிரண்டு பேர் கயிற்றுக்குக்கூட வரவில்லை. கரையிலேயே சேலை நனையாமல் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, குடை பிடித்தபடி மணலில் ஒருவர் வந்தார். அய்யா.

கடலாடிச் சந்தையில் யாரோ, பயிற்சிப் பள்ளிப் பெண்களைக் கடலில் தள்ளி நீந்தச் சொல்கிறார்கள் என்று கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் வந்து ரயிலேறிவிட்டார்.

"கெளம்புத்தா, போவோம்."

முகாம் பொறுப்பாசிரியை எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இன்னும் இரண்டே நாள்தான், இப்போது போனால் சான்றிதழ் போய்விடும் என்றார். அய்யா கையைக் கட்டிக்கொண்டு பணிவாகத்தான் நின்றார். பிடியை மட்டும் விடவில்லை.

"அம்மா, கோவிச்சுக்கிறாதீக. கண்மாய்னா கரை எங்கன இருக்கு, ஆழம் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல பிள்ளைய விட்டுட்டு எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?"

அன்றைய ரயில் போய்விட்டது. மறுநாள் காலை வண்டிக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குச் சோறு போட்டபோது கரண்டியைத் தட்டில் ணங்கென்று வைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு வருஷப் படிப்பு, கடல், எல்லாம் ஒரு குடைக்காரரால் போனது என்று கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழுதேன்.

சாப்பிட்டுவிட்டு அய்யா மணலில் குந்தியபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பழக்கத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு குச்சியை ஊன்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் நின்றது. இன்னும் தள்ளி இன்னொன்றை ஊன்றினார். அதுவும் உள்ளே போனது. துள்ளி எழுந்தார்.

"ஏத்தா! தண்ணி ஏறுது! எந்திரிங்கத்தா எல்லாரும்! மம்பட்டி எங்கன இருக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாங்கள் குழி வெட்டக் கொண்டுவந்திருந்த மண்வெட்டியை எடுத்தார். கடலுக்கும் கூடாரங்களுக்கும் நடுவே மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால், எங்களில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவர் கத்தினால் ஓடிப்போய் மண் சுமப்பதுதான் எங்களுக்குத் தெரியும். அழுத கண்ணோடு நானும் கூடையைத் தூக்கினேன். "மிதிங்கத்தா, மிதிச்சாத்தான் கரை நிக்கும்" என்று அவர் சொல்லச் சொல்ல, நாற்பது பேரும் வரிசையாக நின்று மிதித்தோம். ஆசிரியை வெளியே வந்து பார்த்தார். கால அட்டவணையில் அந்த நேரத்துக்கு உடலுழைப்பு என்றுதான் போட்டிருந்தது. அதனால் விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மீனவ அக்கா வந்தாள். இடுப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, என்ன வேலை பாக்குறீக? கடலு தினம் ரெண்டு வாட்டி ஏறும், ரெண்டு வாட்டி வத்தும். கூடாரத்துக்கிட்டயெல்லாம் வராது."

அய்யா மண்வெட்டியை ஊன்றி நின்றார். "வத்துமா? மடை எங்கன இருக்கு? யாரு தெறக்கிறது?"

"மடையுமில்ல, ஆளுமில்ல. தானா வந்துச்சு, தானா போவும்."

முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் குரூரமாகவே. அய்யா முகம் சுண்டிப்போய் கரையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். எதற்கோ கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தார்.

"அப்ப, போற தண்ணிய இப்பிடிச் சும்மாவா விடுறது?"

"உப்புத் தண்ணிண்ணே. எதுக்கு ஆகும்?"

அய்யா, தண்ணீர் கிட்டே வந்ததும் சேலை நனையாமல் ஒதுங்கிக்கொண்ட அந்தப் பன்னிரண்டு பேரைக் காட்டினார். "அந்தப் பிள்ளைக குளிக்க ஆகும்ல?"

அப்புறம் அக்காவும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கிவிட்டாள். கரையின் இரண்டு முனைகளையும் கடலுக்குள் வளைத்து நீட்டினோம். கரை ஒதுங்கிக் கிடந்த கடல்தாழைப் புல்லை வாரி வந்து மண்ணுக்கு இடையே அடுக்கச் சொன்னாள் அவள். தண்ணீர் நன்றாக ஏறி நின்ற நேரத்தில் இரண்டு முனைக்கும் நடுவே விட்டிருந்த வாயை அடைத்தோம். பொழுது சாயச் சாயக் கடல் பின்வாங்கிப் போனது. எங்கள் கரைக்குள் மட்டும் முழங்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது.

பன்னிரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். என்ன கூச்சல்! ஒருத்தி தடுக்கி உட்கார்ந்தாள், அவளைத் தூக்கப்போன இரண்டு பேரும் விழுந்தார்கள், விழுந்த பிறகு யாருக்கும் எழ மனமில்லை. ஆசிரியை விசிலை வாயில் வைத்தபடியே காலை நனைத்தார், பிறகு விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முழுசாக உட்கார்ந்துவிட்டார். அய்யா கரையைச் சுற்றிச் சுற்றி ஓடி, கசிந்த இடத்தையெல்லாம் குதிகாலால் அடைத்தார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனாலும், வலை போட்டு வைக்கும் கொட்டகைக்கு மீனவ அக்காவின் புருஷனோடு படுக்கப் போகும்போது, "காலையில ரெடியா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

விடிந்ததும் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே வந்தேன். கரையைக் காணோம். மறுபடி ஏறிய கடல் ஒரு பிடி மண் மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டிருந்தது.

ஏழு வயதில் ஒருமுறை எங்கள் கண்மாய் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். கதிர் வந்த வயல் அத்தனையும் மண்மூடிப் போனது. ஊர் கூடி ஏசியதை அய்யா தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் மாசக்கணக்கில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை அவர் பார்க்க வேண்டாம், இப்படியே ரயிலடிக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று பெட்டியோடு ஓடினேன். அதற்குள் அவர் வந்து, கரை இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, வாங்க, போவோம்" என்றேன்.

அவர் காலால் அந்த மணலைத் தடவிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். கிட்டப் போய்ப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"கரை உடைஞ்சிருக்குத்தா. ஒரு பயிரு சாகல. ஒரு ஆளு என்னைய ஒரு வார்த்த வையல."

பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, திரும்ப நடந்து, கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்.